எதிர்பாராத மூவரில் ஒருத்தி

வண்டிக்கு அடியில் விரித்துக் கிடந்தது என் வீட்டுக்காரரின் வெள்ளைத் துண்டு. அவர் தோளில் கிடந்ததை நான்தான் கேட்காமல் உருவி விரித்தேன். அன்று காலைதான் மடிப்புக் கலையாமல் பீரோவிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். என் முகத்தைப் பார்த்திருப்பார்.

நயினார்கோவில் பக்கத்தில் ஒரு கண்மாய். ஆனி மாதம், உள்ளே பொட்டுத் தண்ணீர் கிடையாது. காலை பத்து மணிக்கே தரை கொதித்தது. அந்தத் துண்டைச் சுற்றி ஐந்து பேர் குனிந்து நின்றோம். அந்தக் காய்ந்த கண்மாய்க்குள் பைக் பந்தயம் நடத்துகிற மோட்டார் கிளப்பின் செயலாளர், வண்டிகளைச் சோதிக்க மதுரையிலிருந்து வந்த பரிசோதகர், நான், என் வீட்டுக்காரர், வண்டிக்குச் சொந்தக்காரி ஆரோக்கியம். ஒரு சொட்டு ஆயில் விழுமா விழாதா என்று ஐந்து பேரும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழுந்தால் ஆரோக்கியம் பந்தயத்தில் ஓட்ட முடியாது. விழாவிட்டால் ஓட்டலாம்.

பெட்ரோல் வாசனை, சூடான மண் வாசனை, அதோடு கொஞ்சம் மீன் வாசனை. கரைமேல் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் யாரோ விடாமல் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா பாக்குறது?" என்றார் செயலாளர்.

"லீக்குனு நீங்கதான சார் சொன்னீக? லீக்குனா விழணும்ல. விழட்டும், பாப்போம்" என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். அந்தத் துண்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. எரிச்சலோடு எழுதினால் பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுவேன். வரிசையாகவே வருகிறேன்.

கவுன்டருக்கு இந்தப் பக்கம்

ராமநாதபுரத்தில் இருசக்கர வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடை எங்களுடையது. பின்பக்கம் ஷெட்டில் என் வீட்டுக்காரர் வண்டி வேலை பார்ப்பார். முன்பக்கம் கவுன்டரில் நான். இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி.

இருபது வருஷத்துக்கு மேலாக அந்த கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுகிறவர்களைத் தெரியும். ஒருவர் என்ன வாங்குகிறார் என்பதைப் பார்த்தால் அவர் எப்படி ஓட்டுவார் என்று சொல்லிவிடுவேன்.

"அக்கா, நல்ல சத்தம் வர்ற சைலன்சர் இருக்கா?" என்று வருகிறவர்கள் ஒரு ரகம். பின்னால் ஒட்ட ஸ்டிக்கர், கைப்பிடியில் மாட்டக் குஞ்சலம், ஹெட்லைட்டுக்கு நீலக் கண்ணாடி. பாவம், எல்லாம் மற்றவர்கள் பார்க்கிற சாமான். இன்னொரு ரகம் இருக்கிறது. பேசாமல் வந்து பிரேக் ஷூ கேட்பார்கள். செயின் செட் கேட்பார்கள். ஸ்போக்ஸ் கம்பி ஒன்றிரண்டு கேட்பார்கள். இவர்களுடைய வண்டி ஓடித் தேய்கிறது. தேய்ந்ததை இவர்களே கவனிக்கிறார்கள். பந்தயத்தில் எனக்கு நம்பிக்கை இவர்கள்மேல்தான்.

கண்மாய்ப் பந்தயம் தொடங்கிய முதல் வருஷம் இதை நான் கடையில் சும்மா சொல்லப்போய்த்தான் இத்தனை வம்பும் வந்தது. நயினார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர். ஆட்டுப் புழுக்கை மூட்டையை ஏற்றிக்கொண்டு வரப்புமேல் வண்டி ஓட்டுகிறவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பிரேக் கம்பியும் ஒரு ட்யூபும் வாங்கிப் போனார். "இவரு மூணுக்குள்ள வருவாரு பாருங்க" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவதாக வந்தார்.

உடனே என்ன சொன்னார்கள் தெரியுமா? அக்காவுக்கு வாய்ராசி என்றார்கள். ஷோரூம்காரர் சொல்லிப் பலித்தால் அது அனுபவம். நான் சொல்லிப் பலித்தால் வாய்ராசி. குறி சொல்கிறவள் மாதிரி என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் கையைக்கூட நீட்டினார்கள். கையை எடுத்துக்கொண்டு போய் வண்டிச் செயினுக்கு கிரீஸ் போடச் சொன்னேன்.

மூன்று நாற்காலி

மறு வருஷப் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு உள்ளூர் கேபிள் சேனலில் இருந்து ஒரு தம்பி வந்தார். பந்தயத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்கிறார்களாம். மூன்று பேர் உட்கார்ந்து பேச வேண்டுமாம். அதில் நானும் ஒரு ஆளாம். நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னார். கடைக்குக் கட்டுகிற பருத்திச் சேலையிலேயே போனேன்.

ஒரு நாற்காலியில் ஷோரூம் மேலாளர். இன்னொன்றில் முன்பு பெரிய பந்தயமெல்லாம் ஓட்டியதாகச் சொல்லிக்கொள்கிற ஒருவர். அவர் ஓட்டியதைப் பார்த்தவர்களை நான் இதுவரை சந்திக்கவில்லை. மூன்றாவது நாற்காலியில் நான்.

பேச்சு 'சொந்த வண்டிப் பிரிவு' பற்றி. பந்தய வண்டி கூடாது. அன்றாடம் ஓட்டுகிற வண்டியையே கொண்டுவர வேண்டும். கண்ணாடியையும் விளக்கையும் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டலாம். முதல் இரண்டு இடத்துக்குள் வருகிறவர்களை கிளப் தன்னுடைய செலவில் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய், அங்கே பெரிய மைதானத்தில் கிளப்பின் பந்தய வண்டியில் ஓட்டவிடும். அதற்காகத்தான் அத்தனை பேரும் துடித்தார்கள்.

"ஜெயிக்கப் போறது யாரு?" தம்பி கேட்டார்.

ரைஸ்மில்காரர் மகன் என்றார் மேலாளர். போன வருஷம் ஜெயித்தவர் அவர்தான். பழைய ஓட்டக்காரரும் அதையே சொன்னார். என் முறை வந்தது. நானும் அதையே சொன்னேன்.

"சரி. எதிர்பாராத மூவர்? யாரும் நெனச்சுப் பாக்காத மூணு பேரு சொல்லுங்க."

அதுதான் நிகழ்ச்சியின் பேரே. மற்ற இருவரும் எஞ்சினின் அளவை வைத்து மூன்று மூன்று பேர் சொன்னார்கள். நான் முதலில் அந்த விவசாயியைச் சொன்னேன். அடுத்து, காரங்காட்டில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு ஓட்டுகிற ஒருவர். அலையாத்திக் காட்டுச் சகதியில் தினமும் வண்டி இறக்குகிற கை அது. மூன்றாவதாகச் சொன்னேன்: "பாம்பன் ஆரோக்கியம். மீன் விக்கிற பொண்ணு."

"பொண்ணா?" என்றார் தம்பி. பெயர்ப் பட்டியலைப் புரட்டினார். அதில் வெறுமனே எம். ஆரோக்கியம், பாம்பன் என்று இருந்தது.

"மீன் வண்டியா? அப்ப ஜெயிச்சிரும். வாசனைக்கே மத்தவுக ஒதுங்கி வழி விட்ருவாக" என்றார் மேலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். கேமரா முன்னால் உட்கார்ந்தால் பல் தன்னால் வெளியே வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து நிகழ்ச்சியைப் பார்த்தபோது என் பல்லைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. சேனலை மாற்றிவிட்டேன்.

பாலத்துக் காற்று

ஆரோக்கியத்துக்கு முப்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். முன்பு கூடையில் மீன் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து ராமநாதபுரம் தெருக்களில் விற்பாள். பஸ்ஸில் கூடையைப் பார்த்தாலே கண்டக்டர் முகம் கோணும். ஒரு நாள் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்லி பாலம் தாண்டியதும் மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள். அடுத்த பஸ்ஸும் ஏற்றவில்லை. அன்றைக்கு மீன் முழுக்கக் கெட்டுப்போனது.

இந்தத் தேசத்தில் மீன் தின்னாத பஸ் பயணி எத்தனை பேர் இருக்கிறார்கள்? தட்டில் விழுந்தால் ருசி, பக்கத்து சீட்டில் இருந்தால் நாற்றம். இதைச் சொன்னால் எனக்கு வாய் அதிகம் என்கிறார்கள். அதிகமாகவே இருக்கட்டும்.

அடுத்த மாதமே ஆரோக்கியம் கியர் வண்டி ஓட்டப் பழகினாள். பழைய நூறு சிசி வண்டி ஒன்றை வாங்கி, பின்னால் ஐஸ் பெட்டி கட்டினாள். அன்றிலிருந்து தினமும் பாம்பன் பாலம் தாண்டி வருகிறாள். என் கடையில் அவள் வாங்காத சாமான் சைலன்சர் ஒன்றுதான்.

ஒரு தடவை பாம்பனில் ஒரு திருவிழாவுக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டுவிட்டேன். மீன் விற்று முடித்துக் காலிப் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தவள் பெட்டியைக் கழற்றி என் கடையில் வைத்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்டாள். பாலத்தில் ஏறுகிற வரைக்கும் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தேன். பாலத்தின் நடு மேட்டுக்குப் போனதும் பேச்சு நின்றது. கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வீசுகிற காற்று, பக்கவாட்டில் அடித்தது. சேலை முந்தானை என் முகத்தை மூடியது. எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் சொன்னேன். தெரியாத மாதா பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் வண்டி அலையவில்லை. ஒவ்வொரு அடி விழுவதற்கும் ஒரு நொடி முன்பே அவள் உடம்பு காற்றுப் பக்கம் சாய்ந்திருந்தது. இறங்கினதும் முதலில் அதைத்தான் கேட்டேன். காற்று வரப்போவது உனக்கு எப்படி முன்னாலேயே தெரிகிறது?

"தண்ணியப் பாத்தா தெரியுமேக்கா. கருத்து, சுருக்கம் விழுந்து வரும்ல. அது பாலத்துக்கிட்ட வர்றதுக்குள்ள நம்ம சாஞ்சுக்கிறணும்."

அந்தக் கண்மாய் எனக்குத் தெரியும். மேற்குக் கரையில் உடைப்பு ஒன்று இருக்கிறது. ஆனி மாதம் அந்தச் சந்தில் நுழைகிற காற்று ஆளைத் தள்ளும். போன வருஷம் நாலு பேர் அங்கேதான் விழுந்தார்கள். வண்டி சறுக்கியது, டயர் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்த அந்த இரண்டு மேதைகளும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் தீவுக்காரர்கள் என் கடையில் ஆயில் மாற்றினால் கழித்த பழைய ஆயிலை பாட்டிலில் பிடித்து எடுத்துப் போவார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் அதைச் சீண்ட மாட்டார்கள். அங்கே உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். ஆகவே வண்டிச் சட்டத்தில், முன்சக்கர ஃபோர்க்கில், எஞ்சினுக்கு அடியில் எல்லாம் பழைய ஆயிலைத் துணியில் தொட்டுப் பூசிவைப்பார்கள். ஆரோக்கியத்தின் வண்டியில் கூடுதலாக மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீரும் சொட்டும். பூசவில்லை என்றால் ஒரு மழைக்காலம் தாங்காது.

கொடி பிடிக்க ஒரு ஆள்

நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள் கிளப் செயலாளர் என் கடைக்கே வந்துவிட்டார்.

"பேரப் பாத்து ஆம்பளைனு நெனச்சுட்டோம்மா. எங்க ஊருப் பக்கம் ஆரோக்கியம்னு ஒரு கொத்தனார் இருக்காரு."

"இருக்கட்டும். உங்க விதிப் புத்தகத்துல பொம்பள ஓட்டக்கூடாதுனு இருக்கா சார்?"

இல்லைதான். ஆனால் விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது, ஊர் என்ன பேசும், இப்படி நீட்டினார். நாலு ஆண்பிள்ளைகள் விழுந்தபோது ஊர் என்ன பேசியது என்று கேட்டேன். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். பந்தயம் தொடங்குமுன் ஆரோக்கியம் ஒரு ஸ்கூட்டரில், பட்டுச்சேலை கட்டி, கையில் கொடியோடு ஒரு சுற்று வரட்டும். மேடையில் அழைத்து 'வீரமங்கை' என்று கேடயம் கொடுத்துவிடுகிறோம். ஓட்டாமலே கேடயம். இந்தப் பெண்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஆரோக்கியமே கடைக்கு வந்தாள். அவளிடமும் அதையே சொன்னார்.

அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "கொடி புடிக்கணும்னா ஒரு கம்பத்துல கட்டுங்க சார். நான் பேரு குடுத்தது ஓட்டுறதுக்கு."

அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

"நீங்க எதுக்குக்கா டீவியில சொன்னீக? என்னையக் கேட்டீகளா? ஓடி முடிச்ச பெறகு தெரிஞ்சா போதும்னுதான் நான் பேசாம இருந்தேன். இப்பப் பாருங்க, ஓடுறதுக்கு முன்னாடியே தடுக்குறாக."

உண்மை. நான் கேட்கவில்லை. என் கணிப்பு என் பெருமை என்றே நினைத்திருந்தேன். அந்தக் கணிப்புக்குள் ஒரு ஆள் இருக்கிறாள், அவளுக்கு ஒரு திட்டம் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிச்சுக்க என்றேன். ஸ்பார்க் பிளக் குடுங்க என்றாள்.

சாமானைக் கொடுக்கும்போது கேட்டேன், இரண்டு இடத்துக்குள் வந்து கோயம்புத்தூர் போவதில் அவளுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று.

"வண்டி எடுத்த நாள்ல இருந்து பின்னாடி மீனு இருக்குக்கா. ஐஸு உருகுறதுக்குள்ள போகணும், போகணும்னே ஓட்டுறேன். மீனு கெட்டுப்போகும்ங்கற பயமில்லாம ஒரு நாளு ஓட்டிப் பாக்கணும்."

ஒரு கை கூடுதல்

இப்போது கண்மாய்க்கு வருகிறேன்.

பந்தய நாள் காலையில் பரிசோதகர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து வந்தார். ஆரோக்கியத்தின் வண்டிக்கு அடியில் விரலை விட்டார். விரல் கறுப்பாக வந்தது. அட்டையில் எழுதினார்: ஆயில் கசிவு, அனுமதி இல்லை. ஆயில் ஒழுகுகிற வண்டியை விட்டால் பின்னால் வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள். விதி சரியான விதிதான். செயலாளர் முகத்தில் வந்த நிம்மதியைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. நல்லவேளை, நாம் தடுக்கவில்லை, வண்டியே தடுத்துவிட்டது என்று எழுதி ஒட்டின மாதிரி ஒரு முகம்.

"லீக் இல்ல சார், பூசுனது" என்றாள் ஆரோக்கியம்.

"எஞ்சினுக்கு எவனாவது ஆயிலை வெளிய பூசுவானா?" என்றார் பரிசோதகர். மதுரைக்காரர். உப்புக் காற்றைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

எனக்கு ஒரு சந்தேகம். வழக்கமாகப் பூசுவதைவிட அன்று வண்டி மினுமினு என்று இருந்தது. ஃபோர்க்கிலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் வழிகிற மாதிரி மினுமினுப்பு. அவளைத் தனியாக இழுத்துக் கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். "விசேஷத்துக்குப் போற வண்டியாச்சேனு காலைல ஒரு கை கூடவே பூசிட்டேன்க்கா."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மற்றவர்கள் கழுவித் துடைத்துக் கொண்டுவந்த அன்றைக்கு, இவள் தன் வண்டிக்குத் தீவு வழக்கப்படி அலங்காரம் பண்ணிக் கொண்டுவந்திருக்கிறாள். அந்த அலங்காரமே அவளை வெளியே தள்ளப் பார்க்கிறது.

நேராகப் பரிசோதகரிடம் போனேன். "சார், ஒண்ணு செய்வோம். வண்டிய பெட்ரோல் துணி போட்டுத் துடைச்சிருவோம். பத்து நிமிஷம் எஞ்சின ஓடவிடுவோம். அடியில வெள்ளத் துணி விரிப்போம். ஒரு சொட்டு விழுந்தாலும் நானே வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிருறேன்."

"நேரமாச்சும்மா" என்றார் செயலாளர்.

"அந்த மைக்க டெஸ்டு பண்ணுறதுக்கு ஒரு மணி நேரம் இருக்குல்ல சார்? இதுக்குப் பத்து நிமிஷம் இல்லையா?"

பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்றார்.

என் வீட்டுக்காரரும் ஆரோக்கியமும் உட்கார்ந்து துடைத்தார்கள். நாலு துணி கறுப்பானது. எஞ்சினை ஓடவிட்டோம். துண்டை விரித்தேன். ஆரோக்கியம் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்தபடி எஞ்சினையே பார்த்தாள். ஐந்து நிமிஷம். ஆறு நிமிஷம். துண்டு வெள்ளையாகவே கிடந்தது.

ஏழாவது நிமிஷத்தில் துண்டின் ஓரத்தில் பொத்தென்று ஒரு சொட்டு விழுந்தது.

"அந்தா!" என்றார் செயலாளர்.

பரிசோதகர் குனிந்து விரலால் தொட்டார், முகர்ந்தார். நிமிர்ந்து செயலாளரின் முகத்தைப் பார்த்தார். "சார், இது உங்க தாடையில இருந்து விழுந்த வேர்வை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

என் வீட்டுக்காரர் மட்டும்தான் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார்.

பத்து நிமிஷம் முடிந்தது. பரிசோதகர் அட்டையில் எழுதியதை அடித்தார். "தப்பா எழுதிட்டேம்மா" என்று ஆரோக்கியத்திடமே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றைக்கும் மரியாதையோடு நினைக்கிறேன். ஆனால் செயலாளர் விடவில்லை. வரிசை ஏற்கெனவே நிறுத்தியாயிற்றாம், கடைசியில்தான் நிற்க முடியுமாம். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தது இரண்டாவது வரிசை. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

சண்டை போட வாயைத் திறந்தேன். ஆரோக்கியம் என் கையைப் பிடித்தாள். "விடுங்கக்கா. நின்னா போதும்."

யாரும் எதிர்பாராத

எட்டுச் சுற்று. முதல் இரண்டு சுற்றில் எனக்குப் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் உடைப்புப் பக்கம் காற்று எழுந்தது. முன்னால் போன இரண்டு வண்டிகள் அலைந்து விலகின. ஒன்று விழுந்தது. பின்னால் ஒரு வண்டி, காற்று வருமுன்பே சாய்ந்து, அந்தச் சந்தில் நேர்கோடாக வந்தது. இங்கே தண்ணீர் இல்லையே, எதைப் பார்த்துச் சாய்கிறாள் என்று நான் தேடினேன். கரைக்கு அந்தப் பக்கம் நின்ற கருவேலஞ்செடிகளின் தலை ஆடுவதைப் பார்த்திருக்கிறாள். பிறகு அவளே சொன்னாள்.

ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சந்தில் ஒன்றிரண்டு பேரைத் தாண்டினாள். கடைசிச் சுற்றில் அவளுக்கு முன்னால் ரைஸ்மில்காரர் மகன் மட்டும்தான். ஒரு வண்டி நீளம் இருந்திருக்கும். அப்படியே முடிந்தது. ஆரோக்கியம் இரண்டாவது. கோயம்புத்தூர் உறுதி.

நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற விவசாயி தன் காதைப் பொத்திக்கொண்டார். இந்தத் தடவை அவர் நாலாவது. காரங்காட்டுக்காரர் பாதியில் செயின் அறுந்து நின்றுவிட்டார். என் கணிப்பும் முழுசாகப் பலிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போதுதான் ஒலிபெருக்கி சொன்னது: "யாருமே எதிர்பாராத விதமாக! யாருமே எதிர்பாராத விதமாக, பாம்பனைச் சேர்ந்த நம்ம சகோதரி!"

யாருமே எதிர்பாராத விதமாகவா? நான் எதிர்பார்த்தேனே! சேனலில் உட்கார்ந்து பெயர் சொன்னேனே! மேடைப் பக்கம் போய் அந்த மைக்காரரிடம் இதைச் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். சொல்லிக்கொண்டே மறுபடி அதையே கத்தினார். மேலாளர் மாலையோடு மேடை ஏறி, சாதாரண வண்டியிலும் சாதிக்கலாம் என்று தாம் எப்போதும் சொல்லிவருவதாகப் பேசினார். கையில் கிடைத்ததை எறிந்திருப்பேன். கையில் இருந்தது துண்டு. அதை வீட்டுக்காரர் வாங்கி, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

பிரேக் ஷூ

அடுத்த வாரம் ஆரோக்கியம் பெட்டி நிறைய மீனோடு கடைக்கு வந்தாள். பின்பக்கப் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டதாம். ஆளைப் பார்த்ததும் என் ஆத்திரத்தையெல்லாம் கொட்டினேன். பரிசோதகர், செயலாளர், மேலாளர், மைக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. எதிர்பாராத விதமாகவாம், என்ன தைரியம் பாரு என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "யாரும் எதிர்பாக்கலைங்கறாகளே, நான் எதிர்பாத்துத்தானக்கா மூணு மாசம் பழகுனேன்" என்றாள்.

"அதத்தான் நானும் சொல்றேன்."

"நீங்களும் என்னைய அந்த 'எதிர்பாராத'ங்கற பட்டியல்லதானக்கா சொன்னீக?"

நான் கையில் இருந்த சாமானைக் கீழே வைத்தேன்.

"ஜெயிக்கப் போறது யாருனு கேட்டதுக்கு ரைஸ்மில்காரர் மகனச் சொன்னீக. நானும் எங்க வீட்டுல ஒக்காந்து பாத்தேன். மனசுல நீங்க யார நெனச்சீக?"

"ஒன்னையத்தான்" என்றேன். உண்மை அதுதான். பாலத்தில் அவள் பின்னால் உட்கார்ந்துபோன அன்றைக்கே நினைத்தேன்.

"பெறகு ஏங்க்கா சொல்லல?"

ஏன் சொல்லவில்லை? மற்ற இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். மாற்றிச் சொன்னால் சிரிப்பார்களே என்று பயந்தேன். ஆச்சரியம் என்று ஒரு ஓரத்தில் போட்டுவைத்தால் தோற்றாலும் எனக்குப் பழி வராது, ஜெயித்தாலும் பெருமை வந்துவிடும். செயலாளர் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தியதற்கு இரண்டு வாரம் முன்பே நான் நிறுத்திவிட்டேன். இத்தனை பேர்மேலும் எரிந்து விழுந்த நான், என்மேல் ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை.

பிரேக் ஷூவை எடுத்துக் கொடுத்தேன். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அவள் வண்டியை எடுத்தாள்.

"அடுத்த தடவ சத்தமாச் சொல்லுங்கக்கா" என்றாள்.

கோயம்புத்தூரில் அவள் ஒன்பதாவதாக வந்தாள். திரும்பி வந்து, பின்னால் ஒன்றுமே இல்லாமல் ஓட்டுவது முதலில் பயமாகவும் பிறகு ரொம்ப நன்றாகவும் இருந்தது என்று சொன்னாள்.

இந்த ஆனியிலும் கண்மாயில் பந்தயம் இருக்கிறது. நேற்று சேனல் தம்பி கடைக்கே போன் செய்தார். "அக்கா, இந்த வருஷத்து எதிர்பாராத மூவர் யாருனு சொல்லுங்க."

அந்தப் பட்டியலுக்கு என்னிடம் பெயர் இல்லை என்றேன். முதல் பட்டியலுக்கு ஒன்று இருக்கிறது என்றேன். அவளை முன்பே கேட்டுவிட்டேன், சொல்லிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறாள்.

"ஜெயிக்கப் போறது பாம்பன் ஆரோக்கியம்" என்றேன். கடையில் சைலன்சர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தம்பிக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.